மைண்ட்ஃபுல்னெஸ் என்றால் தமிழில் என்ன?

இயந்திரம் பெயர்த்த தமிழ்க் கட்டுரைகளில் 'நினைவாற்றல் தியானம்' என்று ஒன்று அடிக்கடி கண்ணில் படும். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஞாபகசக்தி வளர்க்கும் பயிற்சி போலிருக்கிறது என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். பக்கத்திலேயே வல்லாரை மாத்திரை விளம்பரமும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். மூலத்தைத் தேடிப் பார்த்தால் அங்கே மைண்ட்ஃபுல்னெஸ் என்று இருக்கும். மூச்சையோ செய்கிற காரியத்தையோ மனம் நழுவாமல் கவனித்திருப்பதற்கும் அதற்கான பயிற்சிக்கும் ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் அது. இயந்திரத்தைக் கேலி செய்யத்தான் தோன்றும். ஆனால் வேர்வரை போய்ப் பார்த்தால், அது சரியான இடத்துக்குப் பக்கத்தில்தான் கைவைத்திருக்கிறது.

வேர்ச்சொல், பழைய பௌத்த நூல்களின் மொழியான பாளியின் 'சதி'. சமஸ்கிருதத்தில் இதற்கு நேரான சொல் ஸ்மிருதி. இரண்டுக்கும் முதற்பொருள் நினைவு, ஞாபகம். புத்தர் சொன்ன எட்டு நெறிகளில் ஏழாவது 'சம்மா சதி'. அதை ரைட் மைண்ட்ஃபுல்னெஸ் என்று 1881-இல் ஆங்கிலமாக்கியவர் ரைஸ் டேவிட்ஸ். இலங்கையில் ஆங்கிலேய அரசின் அதிகாரியாக வேலை பார்த்தபோது பாளி கற்றவர். அதே ஆண்டில் பாளி நூல்களைப் பதிப்பிக்க லண்டனில் ஒரு கழகத்தையும் தொடங்கினார். அந்த ஆங்கிலச் சொல் அவர் உண்டாக்கியதல்ல. மறக்காமல் மனத்தில் வைத்திருப்பது என்ற பொருளில் அது அதற்கு வெகுகாலம் முன்பே புழங்கியது. 1611-இல் அச்சான ஆங்கில பைபிளின் எட்டாம் சங்கீதத்தில் 'மைண்ட்ஃபுல்' என்று வரும் இடத்தைத் தமிழ் பைபிளில் பாருங்கள்: 'மனுஷனை நீர் நினைக்கிறதற்கும்' என்று இருக்கும். கவனம் என்றோ விழிப்பு என்றோ அங்கே இல்லை, நினைப்புதான்.

பாளிச் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளலாமே என்பவர்கள் உண்டு. தமிழில் எழுதிய மறுநொடி அது சதித்திட்டம் ஆகிவிடும். 'தினமும் காலையில் பத்து நிமிடம் சதி செய்யுங்கள்' என்று எந்தச் சங்கத்தின் பலகையில் எழுதிப்போட முடியும்?

ஞாபகத்தைக் குறித்த சொல் எப்படி மூச்சைப் பார்க்கும் பயிற்சிக்குப் பெயரானது? பழைய விஷயங்களை அசைபோடுவது இங்கே நினைவல்ல. இப்போது எடுத்துக்கொண்ட காரியத்தை நழுவவிடாமல் வைத்திருப்பதுதான் நினைவு. மூச்சைப் பார்ப்பதாக உட்கார்ந்தோம். அதை மறக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவே. சதிபட்டான சுத்தம் என்ற புத்தரின் பாளிப் பேருரை, இப்படி நினைவில் நிறுத்த வேண்டியவற்றை உடல், உணர்ச்சி, மனம், தம்மம் என்று நான்காகப் பிரிக்கிறது. மூச்சு அதில் உடலின் பகுதி. நீளமாக மூச்சு வந்தால் நீளம் என்று அறிவது, குறுகி வந்தால் குறுக்கம் என்று அறிவது. மூச்சை இழுத்து அடக்கி விடும் பிராணாயாமம் வேறு. வருகிற மூச்சை வருகிறபடி விட்டுவிட்டுப் பார்ப்பது இது. நவம்பரில் எங்கள் டெல்லிக் காற்று இருக்கும் லட்சணத்துக்கு, ஆழ்ந்து இழுக்கச் சொல்லாத பயிற்சி ஒன்று இருப்பது நல்லதாகப் போயிற்று. ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்தால் போதும்.

டெல்லிக்காரர்களுக்கு இந்தச் சொல்லோடு கூடுதலாக ஒரு பாத்தியதை உண்டு. அந்த உரை நிகழ்ந்த இடம் குரு நாட்டின் ஓர் ஊர் என்று அதன் முதல் வரியே சொல்கிறது. குரு நாடு என்பது இன்றைய டெல்லியும் அரியானாவும் மேற்கு உத்தரப் பிரதேசமும் சூழ்ந்த நிலம். ஈஸ்ட் ஆஃப் கைலாஷ் பக்கம், பஹாபூரில், பாறையில் வெட்டிய அசோகரின் கல்வெட்டு ஒன்று 1966-இல் கண்டுபிடிக்கப்பட்டது. கால்காஜி கோயிலுக்குப் போகிற வழியில் அதைத் தாண்டிப் போகிறவர்களில் பாதிப்பேருக்கு அது தெரியாது. அப்புறம் திகார் சிறை. 1994 ஏப்ரலில் தியான ஆசிரியர் கோயங்கா அங்கே நடத்திய பத்து நாள் விபாசனா தியான முகாமில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் உட்கார்ந்தார்கள்; அதே ஆண்டு சிறைக்குள்ளேயே நிரந்தர மையமும் வந்தது. திகாரில் காவல் நிற்பவர்களில் நம் தமிழ்நாடு சிறப்புக் காவல் படையினரும் உண்டு என்பதால் இங்குள்ள தமிழர்களுக்கு அந்த மதில் அவ்வளவு அந்நியமில்லை. 2018 ஜூலையில் டெல்லி அரசுப் பள்ளிகளில், நர்சரி முதல் எட்டாம் வகுப்பு வரை, மகிழ்ச்சிப் பாடம் தொடங்கியது. தொடங்கி வைத்தவர் தலாய் லாமா. அந்தப் பாடவேளையின் ஆரம்பத்தில் பிள்ளைகள் சில நிமிடம் கண்ணை மூடி உட்கார்ந்தார்கள்.

இந்திக்காரர்களுக்கு இந்த மொழிபெயர்ப்புச் சிக்கல் நமக்கிருக்கும் அளவுக்கு இல்லை. அவர்களுக்கு தியான் என்றால் தியானமும்தான், கவனமும்தான். 'தியான் ஸே ஜாவோ' என்றால் பார்த்துப் போ. மெட்ரோவில் இறங்கும்போது இடைவெளியை 'மைண்ட்' செய்யச் சொல்லி ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு வரும், அடுத்து அதையே 'தியான் ரக்கேன்' என்று இந்தியில் சொல்வார்கள். மைண்டுக்கு தியான், கதை முடிந்தது. தமிழில் தியானம் அப்படி இறங்கி வரவில்லை. 'தியானமா ரோட்டைக் கடந்து போ' என்று எந்த அம்மாவும் சொல்வதில்லை. நமக்குத் தியானம் என்றால் கண்மூடி உட்காருவது, சாமி, விபூதி, அமைதி. பாளியில் ஜானம் ஆகி, சீனத்தில் சான் ஆகி, ஜப்பானில் ஜென் வரை போன அதே சொல்தான். திருமந்திரத்தின் எட்டு உறுப்பு யோகத்திலும் தாரணைக்கும் சமாதிக்கும் நடுவில் நிற்கிறது. ஆனால் பாத்திரம் தேய்க்கும்போதும் வேண்டிய ஒரு குணத்தைச் சொல்ல அது உதவாது. மைண்ட்ஃபுல்னெஸ் குணத்தின் பெயர். தியானம் அதைப் பழகுகிற வழிகளில் ஒன்று.

இன்று புழங்கும் பொருள் 1979-இல் இருந்து வருகிறது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-ஜின் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். தீராத வலியோடு வந்த நோயாளிகள் அதற்கு வந்தார்கள். வாரம் ஒரு வகுப்பு, வீட்டில் அன்றாடம் முக்கால் மணி நேரம் பயிற்சி. மதச் சடங்கு எதுவும் இல்லை. வேண்டுமென்றே, இந்த நொடியில், நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாமல் கவனிப்பது என்பது அவர் தந்த விளக்கத்தின் சாரம். நினைவு என்ற பழைய பொருள் இங்கே பின்னுக்குப் போய், கவனம் முன்னுக்கு வந்துவிட்டது. குர்காவ் கம்பெனிகளின் எச்.ஆர். மின்னஞ்சல்களில் வருவது இந்த இரண்டாவது பொருள்தான்.

இதற்கு நம்மவர்கள் வைத்திருக்கும் பெயர்களில் அதிகம் காண்பது விழிப்புணர்வு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் டெங்கு விழிப்புணர்வு, வாக்காளர் விழிப்புணர்வு, சாலைப் பாதுகாப்பு விழிப்புணர்வு என்று பேரணி போய்ப் போய்த் தேய்ந்த சொல் அது. விழிப்புணர்வு முகாம் என்று பலகை வைத்தால் ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள் என்று வரிசையில் நிற்பார்கள். மனநிறைவு என்றும் சிலர் எழுதுகிறார்கள். அது ஆங்கிலச் சொல்லைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒட்டியது. தமிழில் அதற்குத் திருப்தி என்று பொருள், ஆகவே அறவே ஆகாது. முழுக்கவனம் மோசமில்லை, ஆனால் வாத்தியார் குரல் கேட்கிறது.

எனக்கு அதிகம் உறுத்துவது 'மனதை ஒருமுகப்படுத்துதல்'. பயிற்சியை ஆரம்பித்த வேகத்தில் விட்டுவிடுகிறவர்களில் பலரைக் கெடுத்தது இந்தச் சொல்தான் என்பது என் எண்ணம். மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்பின் அசோசியேஷன் அறையில் காலையில் சிலர் சேர்ந்து கால்மணி நேரம் உட்காருவோம். ரிட்டையர் ஆனவர்கள் அதிகம், தமிழர்களும் மலையாளிகளும் கலந்து. புதிதாக வந்த மாமி ஒருவர் கண்ணைத் திறந்ததும், "எனக்கு ரெண்டு நிமிஷம்கூட மனசு நிக்கலே. கேஸை அணைச்சேனா, பையன் போன் பண்ணினானான்னு எங்கெங்கேயோ போயிடறது. எனக்கெல்லாம் இது வராது" என்றார். "போயிட்டதுன்னு தெரிஞ்சுது இல்லையா மாமி?" என்று கேட்டேன். "தெரிஞ்சுது, திரும்ப மூச்சுக்கு வந்தேன். மறுபடி போச்சு, மறுபடி வந்தேன்." அவர் செய்தது முழுக்க முழுக்கப் பயிற்சிதான். ஒருமுகம் என்ற சொல்லை வைத்து அளந்தால் அத்தனை தடவையும் தோல்வி. நினைவு என்ற சொல்லை வைத்து அளந்தால், மூச்சை மறந்தது ஞாபகம் வந்த ஒவ்வொரு தடவையும் 'சதி' நடந்திருக்கிறது.

இந்தப் பொருளுக்குத் தமிழில் பழைய சொற்கள் உண்டு. குறளில் 54-ஆம் அதிகாரம் பொச்சாவாமை. பொச்சாப்பு என்றால் மறதி, அதிலும் மகிழ்ச்சி மயக்கத்தில் வரும் சோர்வு. அது இல்லாதிருப்பது பொச்சாவாமை. அதிகாரத்தின் கடைசிக் குறள், 'உள்ளியது எய்தல் எளிதுமன் மற்றுந்தான் உள்ளியது உள்ளப் பெறின்.' நினைத்ததை அடைவது எளிது, நினைத்ததையே நினைத்துக்கொண்டிருக்க முடிந்தால். அரசனுக்குச் சொன்னது என்றாலும் அந்த 'உள்ளியது உள்ளல்' சதிக்கு எவ்வளவு நெருக்கம் பாருங்கள். ஆனால் பொச்சாவாமையை இன்று யாரும் வாயால் சொல்லமாட்டார்கள்.

அடுத்தது கடைப்பிடி. தமிழில் பௌத்தம் எழுதியவர்கள் எட்டு நெறிகளில் ஏழாவதை நற்கடைப்பிடி என்று பெயர்த்திருக்கிறார்கள். இன்றைய காதுக்கு, விதியைக் கடைப்பிடிப்பது, விரதத்தைக் கடைப்பிடிப்பது என்று கேட்கும். பழைய அகப்பொருள் இலக்கணமான இறையனார் களவியலின் உரை தலைவனுக்குரிய குணங்களாக அறிவு, நிறை, ஓர்ப்பு, கடைப்பிடி என்று நான்கைச் சொல்லி, கடைப்பிடி என்பது கொண்ட பொருள் மறவாமை என்கிறது. பிடித்ததை விடாமல் நினைவில் வைத்திருப்பதும், அதை அன்றாடம் ஒழுகுவதும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருக்கின்றன. பொருளின் நிறையால் பார்த்தால் மைண்ட்ஃபுல்னெஸுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. வழக்கு மாறிப்போனதால் 'கடைப்பிடியோடு சாப்பிடுங்கள்' என்றால் ஒருவருக்கும் புரியாது, அதுதான் தடை.

அதே நான்கில் இருக்கிறது ஓர்ப்பு. ஓர்தல் என்றால் ஆராய்தல், உணர்தல், காதுகொடுத்துக் கேட்டல். அதன் இன்னொரு வடிவம் ஓர்மை. கன்னியாகுமரிப் பக்கம் 'ஓர்மை இருக்கா?' என்றால் ஞாபகம் இருக்கா என்று பொருள். மலையாளத்தில் ஞாபகத்துக்கு அன்றாடச் சொல்லே அதுதான். ஈழத்தில் ஓர்மம் என்றால் மன உறுதி. நினைவு, கூர்ந்த கவனம், உறுதி மூன்றும் ஒரு வேரைச் சுற்றி நிற்கின்றன. பாளியின் சதியும் முதல் இரண்டையும் சேர்த்துத்தான் சுமக்கிறது. எங்கள் அறையில் நாகர்கோவில்காரர் ஒருவர் இந்தச் சொல்லைச் சொன்னதும் பக்கத்தில் இருந்த சேச்சிக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அவர் கேட்டது, "எதன் ஓர்மை?" என்று மட்டும்தான். நல்ல கேள்வி. மூச்சின் ஓர்மை, நடையின் ஓர்மை என்று எதையாவது முன்னால் சேர்த்தால் ஞாபகசக்தியோடு குழம்பாது. பாளியிலும் ஆனாபான சதி என்று மூச்சை முன்னால் வைத்துத்தான் சொல்கிறார்கள்.

ஆகவே என் பரிந்துரை ஓர்மை. பயிற்சிக்கு ஓர்மைப் பயிற்சி. பேச்சில் அவ்வளவுகூட வேண்டாம். 'நெனப்பு இங்கே இல்லை', 'நெனப்பா சாப்பிடு' என்று வீட்டில் சொல்வதே போதும். மயங்கி விழுந்தவருக்கு நினைவு திரும்பியது என்கிறோமே, நினைவு என்றால் ஞாபகம் மட்டுமல்ல, உணர்வோடு இருப்பதும்தான் என்பது அதிலேயே இருக்கிறது. மருத்துவமனைத் துண்டுப் பிரசுரத்தில் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் போட்டு, பக்கத்தில் ஓர்மை என்று எழுதலாம். நோயாளி நாளைக்கு மருத்துவரிடம் கேட்கும்போது இரண்டு சொல்லும் வேண்டியிருக்கும்.

பயிற்சியை அன்றாடமாக்குவதற்கும் இந்தப் பொருள் உதவுகிறது. நினைவு தானாக வராது, ஏதாவது ஒன்று எடுத்துக்கொடுக்க வேண்டும். ஆகவே புதிதாக நேரம் ஒதுக்குவதைவிட ஏற்கெனவே நடக்கிற ஒரு காரியத்தோடு ஒட்டவைப்பது நல்லது. எங்கள் பக்கம் விடிகாலையில் குறித்த நேரம்தான் தண்ணீர் வரும். மோட்டார் போட்டுவிட்டுத் தொட்டி நிறையும்வரை காத்திருக்கும் நேரம் பலருக்கு வாட்ஸ்அப்பில் போகிறது. மாமி இப்போது சுவிட்சைப் போட்டதும் பக்கத்திலேயே நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார். கால் மடக்க வேண்டியதில்லை, முதுகு நேராக இருந்தால் போதும். மூக்கு நுனியில் மூச்சு உரசுவதைப் பார்ப்பது, நழுவினால் திரும்புவது. மோட்டார் இரைச்சல் கேட்டால் கேட்கட்டும், அதையும் இரைச்சல் என்று அறிந்துவிட்டு மூச்சுக்கு வரலாம். அலுவலகம் போகிறவர்களுக்கு மயூர் விஹாரிலிருந்து ராஜீவ் சௌக் வரை மெட்ரோ இருக்கிறது. நின்றுகொண்டே பாதத்தின் ஓர்மையில் இருக்கலாம், கூட்டம் அதற்கு ஒரு தடையே இல்லை. பழைய மனக்காயமோ கடும் மனச்சோர்வோ உள்ளவர்கள் மட்டும் நீண்ட மௌன முகாம்களுக்குப் போகுமுன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சும்மா உட்காருவது எல்லாருக்கும் எப்போதும் இதமாக இருப்பதில்லை.

தொட்டி இன்னும் சில நாள் வழியத்தான் செய்கிறது என்று கீழ்வீட்டுக்காரர் புகார் சொல்கிறார். மாமியின் பதில்: "மூச்சு ஞாபகத்துல இருக்கு, மோட்டார் இன்னும் வரலே."