‘அ’ என்பது எட்டாகும் இடம்: மருத்துவச் சுவடிகளை மின்னாக்குவோருக்கு

எட்டேகால் பலம் (பலம் என்பது பழைய எடை அளவு) என்பதைப் பழைய ஓலை ஏட்டில் ‘அவ’ பலம் என்றே எழுதியிருப்பார்கள். ‘அ’ உருவில் இருப்பது எட்டு, ‘வ’ உருவில் இருப்பது கால். அதைச் சொல்லாக நினைத்துத் தட்டச்சு செய்தால் மருந்தின் அளவே காணாமல் போகும். க, உ, எ, அ நான்கும் முறையே 1, 2, 7, 8 ஆகவும் வரும். இரசமும் (பாதரசம்) தாளகமும் (ஆர்சனிக் கலந்த கனிமம்) சேரும் செய்முறையில் இந்தப் பிசகு நஞ்சாகிவிடும்.

தஞ்சை சரசுவதி மகால், சென்னைக் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் போன்ற இடங்களிலும், வைத்தியர் வீட்டுப் பரண்களிலும் இத்தகைய ஏடுகள் உள்ளன. இவற்றை மின்னாக்குவதில் முதல் வேலை, அளவுக்குறி ஐயமின்றித் தெரியும்படி படம் எடுப்பது.

தட்டை ஸ்கேனர் வேண்டாம். மூடி அழுத்தும்போது காய்ந்த ஏடு நரம்போடு பிளக்கும். மேலிருந்து நோக்கும் கேமராவும், இருபுறம் 45 பாகையில் புறஊதா இல்லாத எல்இடி விளக்கும் போதும். 6000 பிக்சல் அகலமுள்ள கேமராவில் 38 செ.மீ. நீளமுள்ள ஏட்டை முழுதாகப் பிடித்தால் அங்குலத்துக்கு 400 புள்ளி கிடைக்கும். இதற்குக் கீழே போகக் கூடாது. ஒரே சட்டகத்தில் ஐந்து ஏடுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தாலும் தெளிவு குறையாது, ஏனெனில் நீளம்தான் அதைத் தீர்மானிக்கிறது. ஆனால் மறுபக்கத்துக்காக ஐந்தையும் அள்ளித் திருப்பினால் வரிசை தலைகீழாகும். ஒவ்வொன்றையும் இருந்த இடத்திலேயே திருப்புங்கள். அளவுகோலும் வண்ண அட்டையும் சட்டகத்துக்குள் இருக்கட்டும்.

பின்னணித் துணியைப் பலர் கவனிப்பதில்லை. கறுப்புத் துணியில் புழு அரித்த துளை மையிட்ட கீற்றுப் போலவே தெரியும். பின்னக் குறியில் ஒரு சிறு கீற்றைத் தவறாகப் படித்தாலும் அளவு மாறிவிடலாம். வெளிர்நீலமோ சாம்பலோ நல்லது.

மை மங்கிய ஏட்டில் உடனே விளக்குக்கரியும் எலுமிச்சம்புல் எண்ணெயும் பூசிவிடாதீர்கள். முதலில் ஒருபுறம் மட்டும் தாழ்வாக விளக்கை வைத்து ஒரு படம் எடுங்கள். எழுத்தாணி கீறிய பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். எண்ணெய் கூடினால் ஏடு கறுத்துப் பிசுபிசுக்கும், தூசியும் ஒட்டும்.

இடது ஓரத்து ஏட்டெண்ணை வைத்தே கோப்புக்குப் பெயரிடுங்கள்: கட்டு எண், ஏட்டெண், முன் அல்லது பின். ஏட்டெண் உடைந்து போயிருந்தால் ஊகித்து எழுதாமல், கட்டில் இருந்த இடத்தைக் குறியுங்கள். வெற்றேடுகளையும் மரச்சட்டங்களையும் விட்டுவிட வேண்டாம். மூலப்படம் டிஃப் (TIFF) வடிவில், கோப்பு மாறாமல் இருக்கிறதா என்று காட்டும் சரிபார்ப்புத் தொகையோடு (checksum), மூன்று பிரதிகளாக, அவற்றில் ஒன்று வேறு ஊரில் இருக்க வேண்டும்.

பெயர்த்தெழுதும்போதுதான் மிகுந்த நிதானம் தேவை. மெய்யெழுத்தின் மேல் புள்ளி பெரும்பாலும் இருக்காது. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலிருக்கும். ‘பரல’ என்று தெரிவது பாலாகவும் இருக்கலாம், பரலாகவும் இருக்கலாம். ஆகவே கண்டது கண்டபடி ஒரு பத்தியில், வாசிப்பு வேறொரு பத்தியில், ஐயம் மூன்றாவதில். பின்னக் குறிகளுக்கு 2019இல் யூனிகோடில் இடம் கிடைத்துவிட்டது. அவற்றைத் தசமமாக மாற்றத் தேவையில்லை. பலத்தை 35 கிராம், கழஞ்சை 5.1 கிராம் என்று இன்று கொள்கிறோம். ஊருக்கு ஊர் எடை வேறுபட்டதால் கிராம் கணக்கை மூலத்துக்குள் நுழைக்காமல் குறிப்பில் மட்டும் தாருங்கள். ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்திலேயே அந்த ஏட்டின் படத்துக்கு இணைப்பு இருக்கட்டும். ஐயம் வந்தவர் ஒரே சொடுக்கில் மூலத்தைப் பார்த்துவிடலாம்.