மெக்ரெகர்: ஒரு குடும்பப்பெயரும் ‘கிளான்’ என்ற சொல்லும்

ஸ்காட்லாந்தின் மேட்டுநிலத்தில் தோன்றிய மெக்ரெகர் என்னும் குடும்பப்பெயர், அங்குள்ள கேலிக் மொழியில் ‘மக் கிரிகர்’ என வழங்குகிறது. ‘கிரிகரின் மகன்’ என்பது அதன் நேர்ப்பொருள். மகளைக் குறிக்கும்போது ‘மக்’ என்பது ‘நிக்’ ஆகும். கிரிகர் என்பது, ‘விழிப்பாயிருப்பவன்’ எனப் பொருள்படும் கிரேக்கப் பெயரான கிரிகோரியோஸ், கிறித்தவ சமயத்தின் வழியாக வந்து உருமாறிய வடிவம். ‘மக்’ என்பதைத் தமிழின் ‘மகன்’ என்பதோடு உறவுபடுத்த நமக்கு ஆசை எழும். ஆனால் வெல்ஷ் மொழியில் இதே சொல் ‘மாப்’ என வழங்குவதும், அயர்லாந்தில் ‘ஓகம்’ என்னும் பழைய எழுத்தில் பொறித்த கல்வெட்டுகளில் ‘மக்வி’ என நிற்பதும், இதன் வேர் கெல்டிக் மொழிகளுக்குள்ளேயே இருப்பதைக் காட்டுகின்றன. ஒலி ஒப்புமை தற்செயலானதே.

இப்பெயரினர் சேர்ந்த கூட்டத்தைக் குறிக்கும் ‘கிளான்’, கேலிக் மொழியில் ‘பிள்ளைகள்’ என்று பொருள்படும் ‘கிளான்’ என்ற சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்றது. அச்சொல்லும் இலத்தீனிலிருந்து பெற்ற கடனே. தளிர், நடுகன்று எனப் பொருள்படும் ‘பிளாண்டா’ என்ற இலத்தீன் சொல், பகர ஒலி இல்லாதிருந்த, கேலிக்கின் மூதாதையான பண்டை ஐரிஷ் மொழிக்குள் நுழைந்தபோது பகரம் ககரமாகி ‘கிளாந்த்’ ஆயிற்று.

கிரிகர் அரச மரபில் வந்தவர் என்பது இக்கூட்டத்தின் மரபுவழி நம்பிக்கை. ‘என் மரபு அரச மரபு’ என்பதே அவர்களின் குறிக்கோள் வாசகமாகும். அந்நம்பிக்கைக்கு அக்காலத்துச் சான்று கிடையாது. உறுதியாகத் தெரிவது அவர்கள் பட்ட துன்பம். 1603 பிப்ரவரியில் கிளென் ஃபுரூயினில் கொல்கூன் கூட்டத்தாரோடு நடந்த மோதலுக்குப் பின், அதே ஆண்டு ஏப்ரலில், ஸ்காட்லாந்து மன்னர் ஆறாம் ஜேம்ஸின் அரசவை மெக்ரெகர் என்ற பெயரையே தடைசெய்தது. உயிர் பிழைக்க அவர்கள் கேம்பெல், மர்ரே, டிரம்மண்ட், கிரஹாம் போன்ற பெயர்களுக்குள் ஒதுங்கினர். இக்கூட்டத்தின் புகழ்பெற்ற வீரரான ராப் ராய்கூடத் தாயின் குடும்பப்பெயரான கேம்பெல் என்பதை ஏற்க வேண்டியிருந்தது. 1661-இல் நீங்கிய தடை 1693-இல் மீண்டு, 1774-இல்தான் முற்றிலும் ஒழிந்தது. ஆகவே இன்று மர்ரே என்றோ டிரம்மண்ட் என்றோ பெயர் தாங்கிய ஒருவரின் முன்னோர் மெக்ரெகராக இருந்திருக்கலாம். கிரிகர் என்ற ஆட்பெயரிலிருந்து தனித்துத் தோன்றிய கிரெக், கிரெகரி போன்ற பெயர்களைத் தாங்கியோரில் பலருக்கு இக்கூட்டத்தோடு தொடர்பே இல்லாமலும் இருக்கலாம். வேர் தேடுவோர் பெயரை மட்டும் நம்பாமல், பிறந்த ஊரையும் திருச்சபைப் பதிவேட்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

‘கிளான்’ என்பதற்குக் குலம், குடி, இனக்குழு என்றெல்லாம் எழுதுகிறோம். சிலர் சாதி என்றும் எழுதிவிடுகின்றனர். சாதி என்பது முற்றிலும் பிழை, ஏனெனில் அகமணக் கட்டுப்பாடோ தொழில் ஏற்றத்தாழ்வோ கிளானுக்கு அடிப்படையன்று. தலைவரிடம் அடைக்கலம் புகுந்த அயலாரும் அதில் சேர்ந்துகொண்டனர். ‘கிளை’ என்பதே என் தேர்வு. மரத்தின் கிளையையும் உறவையும் ஒருசேரக் குறிக்கும் இச்சொல்லிலிருந்தே சுற்றத்தாரைக் ‘கிளைஞர்’ என்றனர். தளிரிலிருந்து பிள்ளைகளுக்கு வந்த இலத்தீன் உருவகம் தமிழில் முன்பே இருக்கிறது. மறவர் சமூகத்தில் ‘கிளை’ தாய்வழியாக எண்ணப்படுவதையும், ஒரே கிளைக்குள் மணம் கொள்ளாததையும் அறிந்தவர்கள் தயங்கலாம். அங்கே குழப்பம் வருமெனில் ‘தந்தைவழிக் கிளை’ என விரித்து எழுதலாம். கிளானைச் சார்ந்து வாழ்ந்த வேறு பெயருடைய சிறு குடும்பங்களைக் குறிக்கும் ‘செப்ட்’ என்பதைச் ‘சார்குடி’ எனலாம்.