ஓரத்தைக் கிள்ளிப் போட்டுட்டேனே, டாக்டரம்மா!

போன வாரம் பென்னாகரம் பக்கத்திலிருந்து ஓர் ஆயா பேரனைத் தூக்கிக்கொண்டு வந்தார். விடிய விடிய வாந்தி. என்ன சாப்பிட்டான் என்று கேட்டால், "ஒண்ணுமில்லீங்க, ரொட்டிதான்" என்கிறார். மிச்ச ரொட்டி கூடையிலேயே இருந்தது. வாங்கிப் பார்த்தேன். கவருக்குள் முத்து முத்தாக வேர்த்திருக்கிறது. மூன்று ஸ்லைசில் மூலையில் விரலால் கிள்ளிய பள்ளம். பள்ளத்தின் விளிம்பில் சாம்பல் பச்சையாக இன்னும் கொஞ்சம் பூத்திருக்கிறது. "பூத்த எடத்தக் கிள்ளிப் போட்டுட்டு, கல்லுல வாட்டித்தானே குடுத்தேன், டாக்டரம்மா!"

இந்த மழைக்காலத்தில் இதே பேச்சைக் கேட்பது ஐந்தாவது முறை. வாந்திக்கு ரொட்டிதான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். வைரஸும் ஊரில் சுற்றுகிறது. பையன் ஓ.ஆர்.எஸ். குடித்து மறுநாளே எழுந்து ஓடிவிட்டான். ஆனால் அந்தக் கிள்ளல் இருக்கிறதே, அதைப் பேசாமல் விட முடியவில்லை.

ராகி வயலில் கோரை பிடுங்கிய கை நம்முடையது. மேலே தெரியும் புல்லை மட்டும் அறுத்தால் கோரை போகுமா? கிழங்கு மண்ணுக்குள் கிடக்கிறது. பூசணமும் அப்படித்தான். பச்சையாகத் தெரிவது அது விதை கட்டிய பிறகு. அதற்கு முன்பே கண்ணுக்குத் தெரியாத இழைகள் ரொட்டிக்குள் ஓடியிருக்கும். ரொட்டியோ பஞ்சு மாதிரி; உள்ளே போக எந்தத் தடையும் இல்லை. பக்கத்து ஸ்லைஸ் வெள்ளையாக இருக்கிறது என்றால் அங்கே இன்னும் பூக்கவில்லை, அவ்வளவுதான்.

சரி, வாட்டினால்? பூஞ்சை செத்துவிடும். சில பூஞ்சைகள் விட்டுவைக்கிற நஞ்சு சாகாது. தோசைக்கல் சூட்டுக்கெல்லாம் அது மசியாது. ஓர் அப்பா, நன்றாகப் படித்தவர், "பெனிசிலினே இதிலிருந்துதானே மேடம் வந்தது" என்று சிரித்தார். பெனிசிலின் மருந்துக்கு வழிகாட்டிய ஃப்ளெமிங் 1928-ல் பார்த்தது, பெனிசிலியம் என்கிற பூஞ்சைக் குடும்பத்தில் ஒரு குறிப்பிட்ட வகை. அந்தக் குடும்பத்தில் நூற்றுக்கணக்கான வகைகள் உண்டு. ரொட்டியில் ஆஸ்பெர்ஜில்லஸ், ரைசோபஸ் என்று வேறு பூஞ்சைகளும் வளரும். நிறத்தைப் பார்த்து எது எதென்று எனக்கே சொல்ல முடியாது. நீங்கள் அடுப்படியில் நின்று சொல்லிவிடுவீர்களா?

ஒரு வாய் தின்றால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அதுதான் தொல்லையே, ஒன்றும் ஆகாததால்தான் மறுபடியும் கிள்ளுகிறோம். வீசிங் இருக்கிற பிள்ளைகள் வீட்டில் மட்டும் இன்னொன்று: பூத்த பாக்கெட்டை மூக்கருகே வைத்து முகர்ந்து பார்க்காதீர்கள். அந்தத் தூள் நேராக நெஞ்சுக்குள் போகும்.

இந்த ரொட்டியெல்லாம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? ஆஸ்பத்திரியிலிருந்துதான். யாராவது படுத்தால் பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு பாக்கெட். கட்டிலுக்கடியில் ஐந்து சேர்ந்துவிடும். நோயாளி இரண்டு ஸ்லைஸ் தின்பார். டிஸ்சார்ஜ் ஆனதும் மிச்சம் பஸ் ஏறி வீட்டுக்குப் போகும், ஃபிரிட்ஜ் தலையில் உட்காரும். பல ஃபிரிட்ஜ்களில் அந்த இடம் வெதுவெதுப்பாக இருக்கும். பூசணத்துக்குத் தொட்டில் கட்டிய மாதிரி. தயவுசெய்து அடுத்த முறை ஆரஞ்சு வாங்கிப் போங்கள்.

வாங்கும்போது தேதியைப் பாருங்கள். அந்தத் தேதி பிரிக்காத பாக்கெட்டுக்கு. பிரித்த பிறகு அதைக் காட்டி என்னிடம் வாதாட வேண்டாம். கடை வாசலில் வெயிலில் தொங்குவதையும், கவருக்குள் வேர்த்திருப்பதையும் தொடாதீர்கள். ஈரக் கையை உள்ளே விடக்கூடாது. வாயை இறுக்கிக் கட்டி, அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள், இட்லிக் குண்டான் ஆவி படாமல். பிரித்தால் இரண்டு மூன்று நாளில் முடித்துவிட வேண்டும். முடியாது என்றால் ஃபிரீசரில் போட்டு, வேண்டியதை மட்டும் எடுத்து வாட்டுங்கள். ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் பூசணம் தாமதமாகும், ஆனால் ரொட்டி வெளியில் இருப்பதைவிடச் சீக்கிரம் விறைத்துவிடும். விறைத்தது கெட்டதல்ல, வாட்டினால் சரியாகும்.

சித்திரை வெயிலில் இன்னொன்று வரும். மேலே பூசணமே இருக்காது. பிட்டால் நடுவில் பிசுபிசுவென்று நூல் இழுக்கும், கனிந்து அழுகிய பழ வாசம் அடிக்கும். பேக்கரி சூட்டிலும் பிழைக்கிற பாக்டீரியா அது. அதையும் தூக்கிப் போடுங்கள்.

ஆயாவிடம் இதையெல்லாம் சொல்லி முடித்தேன். தலையாட்டிவிட்டு, "வீட்ல இன்னும் ஒண்ணு கெடக்குது. கோழிக்காச்சும் போட்டுடட்டுமா?" என்றார். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் வான்கோழிகள் செத்து விழுந்தன. பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கைத் தின்றவை. அஃப்ளடாக்சின் என்கிற நஞ்சு அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது. அந்தக் கதையைச் சொன்னேன். ஆயா கொஞ்ச நேரம் யோசித்தார்.

"நம்ம கோழி பத்துதான் இருக்குதுங்க" என்றார். "குழியில போட்டு மூடிடறேன்."