ஒரு நாட்டின் பூஞ்சைகளைக் கணக்கெடுப்பது எப்படி?

காட்டிலுள்ள மரங்களை ஆண்டின் எந்த மாதத்தில் சென்றாலும் எண்ணிவிடலாம். பூஞ்சைகளை அப்படி எண்ண முடியாது. நம் கண்ணில் படும் காளான், வித்துகளைப் பரப்புவதற்காகப் பூஞ்சை சில நாட்களுக்கு மட்டும் வெளிக்காட்டும் உறுப்பே. அதன் உடல் மண்ணுக்குள்ளும் மட்கும் மரத்துக்குள்ளும் நுண்ணிழைகளாகப் படர்ந்திருக்கிறது. சில இனங்கள் பல ஆண்டுகள் காளான் விடாமலே இருக்கும். வேறு பல இனங்களுக்குக் காளானே கிடையாது. எனவே ஓரிடத்தில் காணவில்லை என்பதால் அங்கே இல்லை என்று எழுதிவிட முடியாது. உலகில் இதுவரை பெயர் பெற்றவை ஏறத்தாழ 1,55,000 இனங்கள். மொத்தம் 25 லட்சம் வரை இருக்கலாம் என்பது அண்மைய மதிப்பீடுகளுள் ஒன்று.

இப்பணியின் அடித்தளம் உலர்மாதிரி. காளானைச் சேகரிப்பவர், அது எந்த மரத்தடியில் முளைத்தது, வெட்டிய இடத்தில் நிறம் மாறியதா, மணம் எத்தகையது என்பனவற்றை அங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும். உலர்ந்தபின் இந்த அடையாளங்களில் பெரும்பாலானவை மறைந்துவிடும். காளானின் குடைப்பகுதியைத் தாளின்மீது ஓரிரவு வைத்தால், உதிரும் வித்துகளின் நிறம் தெரியும். பின்னர் மாதிரியை மிதமான வெப்பத்தில் உலர்த்தி, எண்ணிட்டுக் காப்பகத்தில் சேர்ப்பர். லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்தில் இத்தகைய மாதிரிகள் 12 லட்சத்துக்கும் மேல் உள்ளன. ஒளிப்படம் பயனுள்ளதே, ஆனால் அதிலுள்ள வித்துகளை நுண்ணோக்கியில் அளக்க முடியாது, பிற்காலத்தில் எழும் ஐயத்தை அதைக்கொண்டு தீர்க்கவும் இயலாது.

தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும் இனங்களைப் பிரித்தறிய டி.என்.ஏ. உதவுகிறது. டி.என்.ஏ.வில் ஐ.டி.எஸ். எனப்படும் குறுகிய பகுதியைப் பூஞ்சைகளை இனங்காணும் பொது அடையாளமாக 2012-இல் ஆய்வாளர்கள் முன்மொழிந்தனர். ஒரு பிடி மண்ணிலிருந்தே இப்பகுதியைப் பிரித்தெடுத்து, காளான் விடாத இனங்களையும் பட்டியலிடலாம். சிக்கல் என்னவெனில், அப்படிக் கிடைக்கும் டி.என்.ஏ. வரிசைகளில் பல, பெயருள்ள எந்த இனத்தோடும் பொருந்துவதில்லை. மாதிரி இல்லாமல் வரிசையை மட்டும் வைத்துப் புதிய இனத்துக்குப் பெயரிட அனுமதிக்க வேண்டும் என்ற கோரிக்கையை 2018-இல் நடந்த பன்னாட்டுப் பூஞ்சையியல் மாநாடு ஏற்கவில்லை. அம்முடிவு சரியானதென்றே தோன்றுகிறது, வேலையின் வேகத்தை அது குறைத்தாலும்.

பாதுகாப்புக்கு, ஓர் இனம் இருக்கிறது என்று அறிவது மட்டும் போதாது. அது குறைகிறதா என்றும் தெரிய வேண்டும். நெதர்லாந்தில், மர வேர்களோடு இணைந்து வாழும் பூஞ்சைகள் இருபதாம் நூற்றாண்டில் வெகுவாகக் குறைந்ததைப் பழைய களப்பதிவுகளே காட்டிக்கொடுத்தன. காற்றின்வழி மண்ணில் படிந்த நைட்ரஜன் அதற்கு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. இனங்களின் அழியும் ஆபத்தை வகைப்படுத்தும் பன்னாட்டுச் செம்பட்டியலின் மதிப்பீட்டில் பத்து ஆண்டுகள் அல்லது மூன்று தலைமுறைகள், இவற்றுள் எது நீண்டதோ, அக்காலத்துச் சரிவைக் கணக்கிடுவர். வேரோடு இணைந்து வாழும் பூஞ்சைகளுக்கு மூன்று தலைமுறை என்பது சுமார் 50 ஆண்டுகளாகக் கொள்ளப்படுவதால், அரை நூற்றாண்டுக்கு முன் யாரோ உலர்த்தி வைத்த மாதிரிகளும் குறிப்புகளும் இல்லாத நாட்டில் அந்தக் கணக்கைத் தொடங்குவதே கடினம்.