மூக்கில் மூன்று மாதமாக ஒரே குழாய்

போன வாரம் ஒரு பாட்டியைக் கூட்டி வந்தார்கள். பக்கவாதத்தில் விழுங்க முடியாமல் போனவர். டிஸ்சார்ஜ் அன்று போட்ட அதே ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியே வயிற்றுக்கு உணவு செலுத்தும் குழாய்), மூன்று மாதமாக மூக்கில். பிளாஸ்டரைப் பிரித்தால் மூக்கோரம் புண்ணாகிச் சதை தெரிகிறது. உருவிய குழாய் கம்பி மாதிரி விறைத்திருந்தது. இந்த மாதம் நான் பார்க்கும் மூன்றாவது ஆள் இவர்.

"மாத்தச் சொன்னாங்க டாக்டர். கஞ்சி நல்லாத்தானே இறங்குதுன்னு விட்டுட்டோம்" என்றார் மகன்.

கஞ்சி இறங்கினால் போதுமா? சாதாரண ரைல்ஸ் டியூப் பிவிசி என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. வயிற்று அமிலத்தில் ஊறி விறைத்துப்போகும். ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள்தான். இன்னும் சில வாரம் வேண்டுமென்றால் பாலியூரித்தேன் அல்லது சிலிக்கோன் குழாயைக் கேளுங்கள். 8 முதல் 12 சைஸ் போதும். "16 போடுங்க, அடைக்காது" என்பவர்களுக்கு: அது 5 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன், தாங்குவது நோயாளியின் மூக்கு. கஞ்சியை வடிகட்டுங்கள், ஊற்றி முடித்ததும் 30 மில்லி தண்ணீர் விடுங்கள், அடைக்காது.

நான்கு வாரத்துக்கு மேல் தேவைப்படும் என்று தெரிந்தால் பெக் குழாயைப் பற்றிப் பேசுவோம். வயிற்றில் சிறு துளையிட்டு நேராக இரைப்பைக்குள் வைக்கும் குழாய் அது. அங்கேதான் குடும்பமே பின்வாங்கும். "வயித்துல ஓட்டை போட்டா அவ்வளவுதான், அப்புறம் வாயால சாப்பிடவே முடியாது."

அப்படி இல்லை. இது வயிற்றைக் கிழிக்கும் ஆபரேஷன் இல்லை. எண்டோஸ்கோப்பியில் (வாய்வழியே கேமராக் குழாய் விட்டுப் பார்த்தபடி), லேசான மயக்கத்தில், தோலில் சுமார் ஒரு சென்டிமீட்டர் வெட்டு. பெரும்பாலும் அரை மணி நேர வேலை. 1979இல் முதன்முதலில் இதைச் செய்ததே ஒரு கைக்குழந்தைக்குத்தான். பெக் இருக்கும்போதே, விழுங்கும் திறனைச் சோதித்துச் சரி என்றால், வாயாலும் கொடுக்கலாம். நன்றாக விழுங்கத் தொடங்கினால் குழாயை எடுத்துவிடலாம், துளை தானாக மூடிக்கொள்ளும். எல்லோருக்கும் பெக் ஆகாது என்பதும் உண்மை. வயிற்றில் நீர் கோத்தவர்கள், ரத்தம் உறையாதவர்கள், மறதிநோய் முற்றியவர்கள் விஷயத்தில் நாங்களே தயங்குவோம்.

ஊற்றும்போதும், அடுத்த அரை மணி நேரத்துக்காவது, தலைமாடு 30 டிகிரிக்குக் குறையாமல் உயர்ந்திருக்கட்டும். மூக்குக் குழாய் பாதி வெளியே வந்தால் திரும்பத் தள்ளாதீர்கள். காற்றை ஊதிச் சத்தம் கேட்டுவிட்டு ஊற்றாதீர்கள், குழாய் நுரையீரலுக்குள் போயிருந்தாலும் அந்தச் சத்தம் வரும். பெக் குழாய் கழன்றால் காலைவரை காத்திருக்க வேண்டாம், சில மணி நேரத்திலேயே துளை சுருங்கிவிடும்.

டிஸ்சார்ஜ் சீட்டு வாங்கும்போது தயவுசெய்து இரண்டு கேள்வி கேளுங்கள். இது என்ன குழாய்? எந்தத் தேதியில் மாற்ற வேண்டும்? பதிலை அந்தச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.