பச்சைச் சளியும் பொறியில் சிக்காத எலியும்

"அம்மா பீடி, சிகரெட் பக்கமே போனதில்லை. ஆயுசு முழுக்க விறகடுப்புதான். சி.ஓ.பி.டி. என்கிறார் டாக்டர். சளி ஏன் இப்படிப் பச்சையாக வருகிறது?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

சி.ஓ.பி.டி. என்பது நுரையீரலில் காற்றோட்டம் நாள்பட அடைபட்டு, மூச்சு வாங்க வைக்கும் நோய். அந்தப் பச்சை பெரும்பாலும் கிருமியின் நிறம் அல்ல. நம் வெள்ளை அணுக்களின் நிறம். புகை பீடியிலிருந்து வந்தாலும் அடுப்பிலிருந்து வந்தாலும், காற்றுப்பைகளில் காவலிருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற அணுக்கள் உதவிக்கு ஆள் கூப்பிடுகின்றன. ரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் படையாக வந்து இறங்குகின்றன. அவற்றுக்குள் நிறைந்திருக்கும் மயலோபெராக்சிடேஸ் என்ற நொதிக்கு இயல்பிலேயே பச்சை நிறம். கிருமிகளைக் கொல்ல ஹைப்போகுளோரஸ் அமிலம் தயாரிப்பது அதன் வேலை. பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் இருப்பதும் அதே அமிலம்தான்!

நியூட்ரோஃபில் கொண்டுவரும் இன்னொரு ஆயுதம் எலாஸ்டேஸ். கிருமியின் புரதங்களை வெட்ட வேண்டிய இது, நுரையீரலின் எலாஸ்டின் இழைகளையும் வெட்டும். உள்ளே போன மூச்சு தானாக வெளியே வருவது இந்த இழைகள் சுருங்குவதால்தான். கருவிலும் குழந்தைப் பருவத்திலும் நெய்யப்பட்ட எலாஸ்டினை வைத்துத்தான் கடைசிவரை ஓட்டியாக வேண்டும். வெட்டுப்பட்டால் ஒழுங்காகத் திரும்ப நெய்ய முடியாது. காற்றுப்பைகளின் சுவர்கள் இடிந்து ஒன்றோடொன்று கலந்துவிடுவதுதான் எம்பிசீமா.

இதைத் தடுக்கத்தான் கல்லீரல் ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் என்ற புரதத்தை ரத்தத்தில் அனுப்புகிறது. 1963-இல் சுவீடனின் மால்மோ நகரில் லாரெல், எரிக்சன் என்ற ஆராய்ச்சியாளர்கள் இருவரும், இந்தப் புரதம் சிலர் ரத்தத்தில் காணாமலிருப்பதைக் கவனித்தார்கள். அப்படிக் கண்டறிந்த ஐந்து பேரில் மூவருக்கு இளவயதிலேயே நுரையீரல் கெட்டிருந்தது.

இந்தப் புரதம் வேலை செய்யும் விதம் எனக்கு அலுக்காத அதிசயம். இது ஓர் எலிப்பொறி. மூலக்கூறின் மேலே ஒரு வளையம் நீட்டிக்கொண்டிருக்கும். அதில் 358-ஆவது இடத்திலுள்ள மெத்தியோனின் என்ற அமினோ அமிலம்தான் மசால்வடை. எலாஸ்டேஸ் வந்து கடிக்கிறது. கடித்த வாயை எடுப்பதற்குள், வெட்டுப்பட்ட வளையம் சட்டென மடங்கி மூலக்கூறின் உடலுக்குள் செருகிக்கொள்கிறது. ஒட்டியிருந்த எலாஸ்டேஸ் மறுமுனைக்கு இழுபட்டு, அங்கே மோதி உருக்குலைகிறது. பொறியும் அதோடு தீர்ந்தது. ஒரு பொறிக்கு ஓர் எலிதான். எலாஸ்டேஸின் பங்காளியான டிரிப்சின் என்ற நொதி இப்படி நசுங்கிக் கிடப்பதை 2000-இல் படிகமாக்கியே பார்த்துவிட்டார்கள்.

புகையிலுள்ள ஆக்சிஜனேற்றிகள் பட்டால் அந்த மெத்தியோனின் கெட்டுப்போகும். ஊசிப்போன வடையை எலி சீந்தாது. புகை மட்டுமல்ல, பச்சை நொதி தயாரிக்கும் அமிலமும் அதே வடையைக் கெடுக்கிறது. சளியைப் பச்சையாக்கும் நொதியே எலாஸ்டேஸை அவிழ்த்துவிடவும் செய்கிறது! போதாததற்கு, வெட்டுப்பட்ட இழைகளின் துணுக்குகளே மேலும் வெள்ளை அணுக்களை வரவழைக்கின்றன. புகையை விட்ட பிறகும் நோய் முற்றிலும் அடங்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

சி.ஓ.பி.டி. ஆராய்ச்சி பெரும்பாலும் சிகரெட் பிடித்தவர்களை வைத்தே நடந்திருக்கிறது. அடுப்பு ஊதிய பெண்களின் நுரையீரலை நம் நாடு ஆராயாமல் வேறு யார் ஆராய்வார்கள்? அதற்கு நிதி ஒதுக்கத் தயங்குவது அநியாயம். "இன்ஹேலர் பழகினால் விடாது" என்று பயமுறுத்துவதும் அதே அளவு அநியாயம். அது போதைப்பொருள் அல்ல.

இன்ஹேலரிலுள்ள ஸ்டீராய்டுக்கு நியூட்ரோஃபில் அவ்வளவாக அடங்காது. ஈஸினோஃபில் என்ற இன்னொரு வெள்ளை அணு அடங்கும். ஆகவே வாசகர் தம் அம்மாவின் ரத்தப் பரிசோதனைத் தாளில் ஈஸினோஃபில் எண்ணிக்கையைப் பார்க்கட்டும். ஒரு மைக்ரோலிட்டருக்கு 300-க்கு மேல் இருந்தால் ஸ்டீராய்டு பலன் தரும் வாய்ப்பு அதிகம். 100-க்குக் கீழே என்றால் குறைவு. அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அந்த எண்ணைக் காட்டிக் கேளுங்கள்.