கறுப்பாகும் கணத்துக்கு முன்னும் பின்னும்: இரும்பு ஒட்சைட்டு நனோ துணிக்கைகளைத் தயாரிப்போர் கவனத்துக்கு

இரும்பின் இரண்டு உப்புக்களை நீரில் கரைத்து அதனுடன் காரமொன்றைச் சேர்த்தால், செம்மஞ்சள் நிறக் கரைசல் சில நொடிகளில் மைபோலக் கறுத்துவிடும். முகவையின் பக்கத்தில் காந்தமொன்றைப் பிடித்தால் அந்தக் கறுப்பு, அதாவது இரும்பு ஒட்சைட்டின் நனோ துணிக்கைகள், முழுவதும் அப்பக்கமாக ஒதுங்கி வரும். கொழும்பில் ஆய்வுகூடமொன்றில் இரசாயனவியலாளராகப் பணியாற்றும் என்னிடம், இக்காட்சியைக் காணொளியில் கண்டுவிட்டு "இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாமா, சேர்?" என்று கேட்கும் உயர்தர மாணவர்களும் வருகிறார்கள், இதையே ஆய்வுத் தலைப்பாக எடுத்துக்கொண்ட இறுதியாண்டு மாணவர்களும் வருகிறார்கள். இரு சாராரும் அந்தக் கறுக்கும் கணத்தையே பரிசோதனை என்று எண்ணுகிறார்கள். தவறுகளோ பெரும்பாலும் அதற்கு முன்னரும் அதற்குப் பின்னருமே நிகழ்கின்றன.

முதல் தவறு தராசிலேயே தொடங்கிவிடுகிறது. பிரான்சிய இரசாயனவியலாளர் ரெனே மசார் 1981 இல் வெளியிட்ட இணைவீழ்படிவு (இரு உப்புக்களின் இரும்பையும் ஒருங்கே வீழ்படிவாக்கும்) முறையின் வழியில், இரண்டு பங்கு பெரிக் அயனுக்கு (மூன்று நேரேற்றமுள்ள இரும்பு) ஒரு பங்கு பெரசு அயன் (இரண்டு நேரேற்றமுள்ள இரும்பு) இருந்தால்தான் மக்னடைற்று என்னும் கறுப்பு இரும்பு ஒட்சைட்டு கிடைக்கும். அதாவது நீரேறிய பெரிக் குளோரைட்டு 5.4 கிராமுக்கு நீரேறிய பெரசு சல்பேற்று 2.8 கிராம் எடுத்தால், ஏறத்தாழ 2.3 கிராம் மக்னடைற்றை எதிர்பார்க்கலாம். கணக்கு சரி. ஆனால் பெரிக் குளோரைட்டு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக் கசியும் உப்பு என்பதால், கொழும்பின் ஈரக் காற்றில் பலமுறை திறந்து மூடப்பட்ட போத்தலிலிருந்து நிறுக்கும் 5.4 கிராமில் ஒரு பகுதி வெறும் நீராகவே இருக்கும். பெரசு சல்பேற்றோ இளம்பச்சை நிறத்தை இழந்து பழுப்பேறியிருந்தால், அதன் ஒரு பகுதி ஏற்கெனவே பெரிக்காக மாறிவிட்டது என்று பொருள். ஒரு பிழை விகிதத்தைக் குறைக்கும், மற்றது கூட்டும்; இரண்டும் ஒன்றையொன்று சரிசெய்துகொள்ளும் என்று ஒரு மாணவர் என்னிடம் வாதிட்டதுண்டு. அப்படி நடந்தாலும் அது அதிர்ஷ்டமேயன்றி ஆய்வாகாது.

காரமாகச் சேர்க்கும் அமோனியாவைப் பற்றி சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. செறிந்த அமோனியாக் கரைசலின் போத்தல் முப்பது பாகை வெப்பத்தில் கிடந்தால், உள்ளே வாயு அழுத்தம் கூடி, மூடியைத் தளர்த்தியதுமே முகத்தில் சீறி அடிக்கும். ஆகவே போத்தலைப் பனிக்கட்டியில் குளிரவைத்த பின்னரே, அதுவும் புகையகற்றும் அலமாரிக்குள், கண்ணாடியும் கையுறையும் அணிந்து திறக்க வேண்டும். 2022 இன் மின்வெட்டு நாட்களில், நான் அப்போது பணியாற்றிய இடத்தில், ஒரு மாணவி அமோனியாவைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் நின்று, அலமாரியின் விசிறியும் ஓய்ந்துவிட்டது. குளிரூட்டிக்காக யன்னல்கள் யாவும் அடைக்கப்பட்டிருந்தன. வாயு அவரது கண்களைத் தாக்கியது. பதினைந்து நிமிடங்கள் ஓடும் நீரில் கண்களைக் கழுவியதனால் பார்வைக்குப் பாதிப்பு ஏதும் நேரவில்லை. வீட்டுச் சமையலறையில் அந்த விசிறி முதலிலிருந்தே இல்லை என்பதுதான் உயர்தர மாணவர்களின் கேள்விக்கு என் பதில்.

கரைசலிலுள்ள ஒட்சிசனை வெளியேற்றுவதற்காக நைதரசன் செலுத்துவோர், வாயு உருளையைச் சுவருடன் சங்கிலியால் பிணைத்திருக்க வேண்டும் என்பதையும், மூடிய சிறு அறையில் கசியும் நைதரசன் மணமோ நிறமோ காட்டாமல் மூச்சைத் திணறச் செய்யும் என்பதையும் மறக்கலாகாது. மற்றொன்று, கேட்டால் சிரிப்பு வரும்: கலக்குவதற்குக் காந்தக் கலக்கியைப் பயன்படுத்தினால், உருவாகும் துணிக்கைகள் யாவும் கலக்கும் துண்டிலேயே போய் ஒட்டிக்கொள்ளும். மேலிருந்து தண்டு சுழலும் பொறிமுறைக் கலக்கியே இதற்கு ஏற்றது.

காந்தத்தில் ஒட்டியதாலேயே அது மக்னடைற்று ஆகிவிடாது. காற்றுப் பட்ட துணிக்கைகள் மெல்ல மெல்ல மக்கெமைற்று என்னும் பழுப்பு நிற இரும்பு ஒட்சைட்டாக மாறும். அதுவும் காந்தத்தால் ஈர்க்கப்படும். பளிங்கின் அமைப்பைக் காட்டும் எக்ஸ் கதிர் கோணல் வரைபடத்தில் இரண்டின் உச்சங்களும் ஏறக்குறைய ஒரே இடங்களில் விழுவதால், அந்த வரைபடத்தை மட்டும் ஆதாரமாகக் காட்டித் "தூய மக்னடைற்று" என்று எழுதும் அறிக்கைகளில் நான் கையொப்பமிடுவதில்லை. தூள் பழுப்பு நிறம் காட்டத் தொடங்கியிருந்தால் கண்ணே முதற் சாட்சி. உறுதிப்படுத்த, காமாக் கதிரால் இரும்பு அணுக்களின் நிலையை அறியும் மொஸ்பவர் நிறமாலை போன்ற வேறு முறை வேண்டும்.

உலர்த்திய பின்னர்தான் உண்மையான ஆபத்து தொடங்குகிறது. பத்து நனோமீற்றர் விட்டமுள்ள துணிக்கைகளைக் கொண்ட ஒரு கிராம் தூளின் மொத்தப் பரப்பு சுமார் 115 சதுர மீற்றர். கொழும்பாரின் கணக்கில் சொன்னால் நாலரைப் பேர்ச்சஸ் காணி. துரு என்று நாம் அலட்சியம் செய்யும் பொருளே இத்தனை பரப்போடு நுரையீரலுக்குள் இறங்கும்போது, அதைத் துருவின் அளவுகோலால் மதிப்பிட முடியாது. இருந்தும், சுழலும் கூரை விசிறியின் கீழே திறந்த தராசில் இத்தூளை நிறுப்பவர்களை இன்றும் காண்கிறேன். இயன்றவரை உலர்த்தாமல், கழுவிய துணிக்கைகளை நீரில் தொங்கலாகவே வைத்திருங்கள். தூளாகத்தான் வேண்டுமென்றால் புகையகற்றும் அலமாரிக்குள், முகத்தில் இறுகப் பொருந்தும் என்-95 முகக்கவசத்துடன் கையாளுங்கள். சத்திரசிகிச்சை முகக்கவசம் ஓரங்களில் காற்றை உள்ளே விடும்.

அறிக்கைகளின் கடைசிப் பக்கத்தில் "மருத்துவத்தில் பயன்படுத்தலாம்" என்ற வரி தவறாமல் இடம்பெறுகிறது. இரும்புக் குறைபாட்டுக்காக 2009 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பெருமொக்சிற்றோல் என்னும் ஊசி மருந்து, காபோவைதரேற்றுச் சார்புப் பொருளால் போர்த்தப்பட்ட இரும்பு ஒட்சைட்டு நனோ துணிக்கைதான். அத்தனை கட்டுப்பாட்டுடன் தயாரிக்கப்பட்ட அதற்கும், கடுமையான ஒவ்வாமை காரணமாக 2015 இல் மிக உயர்நிலை எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. கழுவல் நீரில் குளோரைட்டு எஞ்சியிருக்கிறதா என்று வெள்ளி நைத்திரேற்றுச் சொட்டுவிட்டுக்கூடப் பார்க்காத ஒரு தூளுக்கு அந்த வரி பொருந்தாது.

கழுவல் நீரைத் தொட்டியில் ஊற்றிவிடும் வழக்கத்தையும் நிறுத்த வேண்டும். வலுவான காந்தத்தால் துணிக்கைகளை ஒதுக்கி, எஞ்சிய நீரைத் தனிப் போத்தலில் சேர்த்து, உள்ளே இருப்பது என்ன, சேர்த்த நாள் எது, சேர்த்தவர் யார் என்று ஒட்டி வையுங்கள். எங்கள் அலமாரியின் அடித்தட்டில் "கறுப்பு நீர்" என்று மட்டும் எழுதப்பட்ட போத்தலொன்று நெடுநாளாக இருக்கிறது. அதை அப்புறப்படுத்தும் முறையை இன்றுவரை எவராலும் தீர்மானிக்க முடியவில்லை.